வீட்டிலேயே இஞ்சி பீர்: சுவையும் உண்டு, வெடிக்கவும் செய்யும்

கடையில் டின்னில் கிடைக்கும் இஞ்சி பானங்கள் பலவும் சீனித் தண்ணீரில் மணச்சாறு கலந்து, இயந்திரத்தால் வாயு ஏற்றியவை. வீட்டில் செய்யும் இஞ்சி பீர் அப்படியன்று. அதில் வாயு தானே உருவாகிறது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் அதே புளிப்புதான் இங்கேயும் வேலை செய்கிறது.

18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வீடுகளில் இந்தப் பானம் இருந்தது. அதைப் புளிக்க வைக்கும் கட்டியை 1892இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் ஆராய்ந்தார். ஈஸ்ட்டும் ஒருவகை பாக்டீரியாவும் கூட்டாக வாழ்வதே அந்தக் கட்டி என்று அவர் கண்டறிந்தார். நம் வீட்டுக்கு அந்தக் கட்டி தேவையில்லை. இஞ்சித் தோலிலேயே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கள்ளில் பார்த்திருப்பார்கள். காலையில் இறக்கியபோது இனிக்கும் கள், மாலைக்குள் நுரைத்துப் புளித்துவிடும். யாரும் அதில் எதையும் போடுவதில்லை.

முதலில் உறை தயாரிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஈஸ்ட்டுக்கு ஆகாது. ஆகவே கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர் இரண்டு கிண்ணம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கலக்கி வந்தால், நம் வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் குமிழி எழும். இதற்கு மண் ஒட்டிய பெந்தோங் இஞ்சி நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் காரமும் மணமும் வேறு. பளபளவென்று கழுவி வரும் சீன இஞ்சியில் சில நேரம் குமிழியே வராது. கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூஞ்சை படர்ந்தால் மேலாக வழித்தெடுத்துப் பயனில்லை. முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் இடித்த இஞ்சியையும் 200 கிராம் சீனியையும் போட்டு கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். முழுதாக ஆறிய பிறகுதான் இரண்டு எலுமிச்சையின் சாற்றையும், வடிகட்டிய உறை 100 மில்லிலிட்டரையும் சேர்க்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மூன்று நாள் உழைப்பு வீண்.

கவனம் தேவைப்படுவது போத்தலில்தான். ஒரு லிட்டரில் நான்கு கிராம் சீனி புளித்தாலே ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். நாம் போட்டிருப்பதோ லிட்டருக்கு 100 கிராம். மூடிய போத்தலை மறந்துவிட்டு ஊருக்குப் போய்வந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். கண்ணாடி போத்தல் சிதறினால் கண்ணே போகலாம். ஆகவே காலி சோடா பிளாஸ்டிக் போத்தலே போதும். மினரல் வாட்டர் போத்தல் மெல்லியது, அது வேண்டாம். மேலே நான்கு விரல் இடம் விட்டு ஊற்றி, மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலையும் மாலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். திறக்காத சோடா போத்தலைப் போல விறைத்துவிட்டால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். சில வீடுகளில் இது ஒரே நாளில் நடந்துவிடும்.

"இயற்கையானதுதானே, பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்" என்று சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. வாயு உண்டாகும்போது மதுவும் சேர்ந்தே உண்டாகிறது. ஓரிரு நாளில் நிறுத்தினால் அது பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சீனி முழுவதும் புளித்துவிட்டால் 5 விழுக்காட்டைத் தாண்டும். அது கடை பீரின் அளவு. வீட்டில் இதை அளந்து பார்க்க எளிய வழியில்லை. எனவே பிள்ளைகள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். முஸ்லிம் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், புளிக்க வைத்த பானம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மலேசியாவில் மதுபானம் தயாரிக்க 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். ஆகவே நாட்கணக்கில் புளிக்க விடுவதோ விற்பதோ கூடாது.

இனிப்புநீர் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் மது குறையும், ஆனால் போட்ட சீனியில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். 250 மில்லிலிட்டர் குவளையில் இருபது கிராமுக்கு மேல், அதாவது நான்கைந்து தேக்கரண்டி.

குளிரில் வைத்தாலும் புளிப்பு மெதுவாகத் தொடரும். ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். திறக்கும்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். புட்டியில் மிச்சமிருக்கும் உறைக்கு ஒரு கரண்டி சீனியும் இஞ்சியும் போட்டுக் குளிரில் வைத்து, வாரம் ஒருமுறை அதே அளவு சேர்த்துவந்தால் அடுத்த முறைக்கும் உதவும்.