சிப்பியும் என்பும்

நானாட்டானிலிருந்து தென்மேற்கே அருவியாற்றைக் கடந்து செல்வோர், அரிப்புக் கரையிலே கடலரிப்பால் சிதைந்து நிற்கும் மாளிகையொன்றைக் காண்பர். முத்துக்குளிப்பு நடைபெறுங் காலத்தில் தங்கி மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1804 அளவிற் கட்டி முடித்தது அது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே இக்கடலில் எடுக்கப்பட்ட சிப்பிகள் ஏறக்குறைய 8 கோடி. அரசாங்கத்துக்குக் கிட்டிய வருவாய் 25 இலட்சம் ரூபா அளவில். சுழியோடிகள் உயிரைப் பணயம் வைத்து வாரிய சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓட்டை எறிந்தனர். ஓட்டைக் கேட்பாரில்லை.

கேட்பார் இப்பொழுது உளர். அவர் என்பு மருத்துவத்தை ஆராய்வோர்.

அவ்வோட்டின் உட்புறத்தே வானவில்லெனப் பளபளக்கும் படையை உற்றுநோக்குக. முத்தும் இப்படையும் ஒரே பொருளால் ஆயவை: நூற்றுக்கு 95 பங்கு அளவில் கல்சியங் காபனேற்று, எஞ்சியது புரதம் முதலிய சேதனப் பொருள். சுண்ணக்கட்டியும் கல்சியங் காபனேற்றே. ஆயின் அது கையில் நொறுங்கும், இது எளிதில் உடையாது. காரணம் கட்டுமானத்தில் உள்ளது. மில்லிமீற்றரில் ஏறக்குறைய 2000இல் ஒரு பங்கு தடிப்புள்ள தகடுகள் செங்கற் சுவர்போல் அடுக்கப்பட்டிருக்க, இடையே புரதம் சாந்தாக நிற்கின்றது. வெடிப்பொன்று தோன்றினால் தகடு தகடாகச் சுற்றிச் சென்று வலுவிழந்துவிடும். நமது என்பும் கனிப்பொருளும் புரதமும் பின்னிய கட்டடமே அன்றோ?

ஹொண்டூராஸ் நாட்டில் 1931இல் அகழ்ந்தெடுத்த, கி.பி. 600 அளவினதாகிய மாயர் தாடையொன்றிலே, முன்பற்களின் குழிகளில் சிப்பியோட்டுத் துண்டுகள் மூன்று பொருத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் ஊடுகதிர் கொண்டு நோக்கியபோது அவற்றைச் சுற்றி என்பு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. உயிரோடிருந்த மனிதனின் வாயிலேதான் அவை வேர்கொண்டன!

1992இல் பரிஸ் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையின் எவெலின் லோப்பஸ் குழுவினர், மனித என்புக் கலங்களிடையே சிப்பித் துண்டை வைத்தனர். கலங்கள் புதிய என்பைத் தோற்றுவித்தன. ஓடு வெறும் பற்றுக்கோடாக நில்லாது, அதிலுள்ள நீரிற் கரையும் சேதனப் பொருள்கள் கலங்களை ஏவுகின்றன என்பது பின்வந்த ஆய்வுகளின் கருத்து. 1997இல் மேற்றாடை என்பு குறைவுற்ற சில நோயாளருக்குச் சிப்பித் தூளையிட்டுச் சோதித்தனர். அங்கும் என்பு வளர்ந்தது. எனினும் இஃது இன்னும் ஆஸ்பத்திரிகளின் அன்றாட மருத்துவமாகிவிடவில்லை.

மருந்தைச் சுமக்கும் ஊர்தியாகவும் கல்சியங் காபனேற்றை ஆராய்கின்றனர். அமிலம் பட்டால் அது கரையும். புற்றுக்கட்டியின் சூழலோ சற்றே அமிலத்தன்மையது. நுண்டுளைத் துணிக்கைகளில் மருந்தை ஏற்றி அனுப்பின், வழியிற் பெரிதும் சிந்தாது அங்கே அவிழும் என்பது எதிர்பார்ப்பு.

ஆராய்ச்சிகளிற் பெரிதும் பயன்பட்ட பெருஞ்சிப்பியின் ஓடு தடித்தது. மன்னார்ச் சிப்பி சிறியது, மெல்லியது; திருகாணி கடைவதற்கு உதவாது, தூளாக உதவலாம். அதன் நெருங்கிய உறவாகிய சிப்பியிலிருந்து யப்பானியர் 1996இல் நேக்கிரீன் என்னும் புரதத்தைப் பிரித்து ஆராய்ந்தனர். முத்துக் கொடுத்த கரையின் பிள்ளைகளும் இவ்வாராய்ச்சியிற் பங்குகொள்ளல் வேண்டுமென்பது என் எண்ணம். ஓட்டுக்காகப் பார்களை மறுபடியும் வாரியெடுப்பதோ பெருங்கேடு. அதற்கு அவசியமும் இல்லை. எதிர்க்கரைத் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981இலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிற் பொரிக்கச்செய்து வளர்த்துக் காட்டிவிட்டனர்.