விசிலடிக்காத குக்கரில் முட்டை

"எத்தனை விசில்?" நம் வீடுகளில் குக்கர் அடுப்பேறியதும் எழும் முதல் கேள்வி இதுதான். பருப்புக்கு இத்தனை, மட்டனுக்கு இத்தனை என்று கணக்கு வைத்தே சமைத்துப் பழகிவிட்டோம். மின்சார பிரஷர் குக்கரில் அந்தக் கணக்கு எடுபடாது, ஏனென்றால் அது விசிலே அடிக்காது. மூடியைத் திருகிப் பொத்தானை அழுத்தினால் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடாததால் பலர் அதைச் சோறு வடிக்காமல் ஆக்குவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

அந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அதில் முட்டை அவித்துப் பார்ப்பது. சோறும் பருப்பும் ஓரிரு நிமிடம் கூடக்குறைய வெந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். முட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக்கரு சவசவவென்று இறுகும், மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை படியும், உரிக்கும்போது ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வரும்.

வடசென்னையின் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ முட்டை வேகப் பிரஷர் தேவையே இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடலோரமான இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. முட்டை நன்றாகக் கெட்டிப்பட 80 டிகிரியே தாராளம். 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊட்டியில்கூடத் தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்து முட்டையை வேகவைத்துவிடும், கொஞ்சம் நேரம்தான் கூடும். மொத்த நேரத்தைப் பார்த்தாலும் மின்சார குக்கரில் பெரிய மிச்சம் கிடையாது. பிறகு எதற்கு இது? உரிப்பதற்கு. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றும் வழக்கத்தைவிட, நீராவியில் வெந்த முட்டை சுலபமாக உரிகிறது. அந்த நீராவியை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கொடுப்பதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான பலம்.

நீராவிக்குப் பழகிய ஊர்

வடசென்னைக்கு நீராவி புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதை இழுத்தது நீராவி எஞ்சின். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களின் நடுவிலிருந்து இயங்குகிறது. அதன் கொதிகலன்களில் நீராவி 500 டிகிரிக்கு மேல் சூடேறி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தி, டர்பைனைச் சுற்றுகிறது.

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் பாய்லர் பார்த்தவர்களைக் கேட்டால், கண் எடுக்காமல் பார்க்க வேண்டியவை மூன்று என்பார்கள்: தண்ணீர் மட்டம், பிரஷர் கேஜ், சேஃப்டி வால்வு. உங்கள் சமையலறை மேடையில் இருக்கும் மின்சார குக்கரும் ஒரு சிறிய பாய்லர்தான். அங்கே ஆள் நின்று பார்க்கும் அந்த மூன்றையும் இங்கே இயந்திரமே பார்த்துக்கொள்கிறது.

இதில் வியப்பான வரலாறு ஒன்று உண்டு. சேஃப்டி வால்வு பிறந்தது ஆலையில் அல்ல, சமையல் பாத்திரத்தில். பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின் 1679-ல் லண்டனில் ஓர் அழுத்தக் கலனைச் செய்தார். எலும்பையே மெத்தென்று வேகவைக்கும் பாத்திரம் அது. அது வெடித்துவிடாமல் இருக்க, அழுத்தம் மிஞ்சினால் தானே தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடும் எடைவைத்த வால்வை அதில் பொருத்தினார். நீராவி எஞ்சின்கள் பிறகு எடுத்துக்கொண்டது அந்த யோசனையைத்தான். ராயபுரத்திலிருந்து புறப்பட்ட எஞ்சினின் தலையில் இருந்த வால்வுக்கும் நம் குக்கர் மூடியில் ஆடும் வெயிட்டுக்கும் ஒரே மூதாதை.

இந்தியாவில் 1950-களின் கடைசியில் ஹாக்கின்ஸ், பிரெஸ்டீஜ் குக்கர்கள் வந்து விசிலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. மின்சார பிரஷர் குக்கருக்கான காப்புரிமை 1991-ல் சீனாவில் பதிவானது. 2010-ல் கனடாவிலிருந்து வந்த 'இன்ஸ்டன்ட் பாட்' அதை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்று இந்திய நிறுவனங்களும் இதைச் செய்து விற்கின்றன.

மூடிக்குள் என்ன இருக்கிறது

உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுக் குக்கருக்குள் பாருங்கள். அடியில் வட்டமான சூட்டுத் தட்டு தெரியும். அதன் நடுவில் ஒரு சிறு உலோகப் பொட்டு. விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் போல உள்ளே போய்த் திரும்பி வரும். அதுதான் வெப்பத்தை உணரும் சென்ஸார். தண்ணீர் வற்றிப் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால், அது கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பாய்லரில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் ஆளின் வேலை இது.

பிரஷர் கேஜின் வேலையைச் செய்யும் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. பல மாடல்களில் சூட்டுத் தட்டு, வளைந்துகொடுக்கும் எஃகுத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஆவி அழுத்த அழுத்த, உள்பாத்திரம் மயிரிழை அளவு கீழே இறங்கும். குறித்த அழுத்தம் வந்ததும் அந்த இறக்கமே ஒரு சுவிட்சைத் தட்டி மின்சாரத்தை நிறுத்தும். அழுத்தம் குறைந்தால் பாத்திரம் மேலே எழும், மின்சாரம் மறுபடி வரும். அடுப்புக் குக்கர் மிஞ்சிய ஆவியை விசிலாக வெளியே தள்ளி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. மின்சார குக்கரோ ஆவி மிஞ்சுவதற்கு முன்பே சூட்டை நிறுத்திவிடுகிறது. விசில் வராததன் காரணம் இதுதான்.

மூடியில் ஒரு சிறு உலோகக் குமிழ் இருக்கும். ஆரம்பத்தில் அது கீழே கிடக்கும். தண்ணீர் கொதித்து வரும் ஆவி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் அந்த வழியாகத் துரத்தும். பிறகு குமிழ் சட்டென்று மேலே எழுந்து துளையை அடைக்கும், மூடியையும் பூட்டிவிடும். நீங்கள் வைத்த நிமிடக் கணக்கு அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். குமிழ் கீழே இறங்கும்வரை மூடி திறக்காது. இதற்கெல்லாம் மேலே, எல்லாமே பழுதானாலும் ஆவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வு தனியாக இருக்கிறது.

அடுப்புக் குக்கரில் அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ, உள்ளே வெப்பம் 120 டிகிரி. மின்சார குக்கரில் 'ஹை' வைத்தாலும் பெரும்பாலும் முக்கால் கிலோதான், வெப்பம் 115 முதல் 117 டிகிரி. 'லோ' வைத்தால் 110 டிகிரி வாக்கில் நிற்கும்.

முட்டைக்குள் என்ன நடக்கிறது

முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இட்ட நாளிலிருந்து அவற்றின் வழியாகக் கரியமில வாயு கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். இட்ட அன்று அதன் பி.எச். அளவு 7.6 வாக்கில் இருக்கும். சில நாட்களில் 9-ஐத் தாண்டிவிடும். காரம் குறைந்த புது முட்டையில், வேகும்போது வெள்ளைக்கரு ஓட்டுக்குள் இருக்கும் சவ்வை இறுகப் பிடித்துக்கொள்ளும். பழசில் அந்தப் பிடி தளரும். வீட்டுக் கோழி இட்ட முட்டையை அன்றே அவித்தால் உரிக்கப் படாதபாடு படுவது இதனால்தான். நாமக்கல்லிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, கடையில் சென்னை வெயிலில் ஓரிரு நாள் இருந்த முட்டை இந்த விஷயத்தில் நல்ல பருவத்தில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் வேகம். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் வெள்ளைக்கரு மெல்ல மெல்ல இறுகி, சவ்வோடு பின்னிக்கொள்ள அதற்கு அவகாசம் கிடைக்கும். ஆவியில் கதை வேறு. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது 540 கலோரி வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு கிராம் கொதிநீர் ஒரு டிகிரி ஆறும்போது கொடுப்பது ஒரே ஒரு கலோரி. குக்கரின் அடியில் இருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்வரை அதன் மேல் கம்பித்தட்டில் இருக்கும் முட்டைக்கு அவ்வளவாகச் சூடு படாது. கொதித்ததும் ஆவி மொத்தமாக வந்து ஓட்டில் படிந்து தாக்கும். வெளிப்புற வெள்ளைக்கரு சட்டென்று உறைந்து, சவ்விலிருந்து விலகிச் சுருங்கும்.

செய்முறை

உள்பாத்திரத்தில் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல தண்ணீராக இருக்கட்டும். மீஞ்சூர் பக்கமெல்லாம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. உப்புப் போர் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், வால்வையும் அடைக்கும். கம்பித்தட்டை வைத்து, அதன் மேல் முட்டைகளை ஒரே அடுக்காக வையுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையானால் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆவி வால்வை மூடுங்கள்.

கெட்டியான மஞ்சள்கரு வேண்டுமென்றால் 'ஹை'யில் 5 நிமிடம். நடுவில் கொஞ்சம் ஈரம் வேண்டுமென்றால் 3 நிமிடம். நம் ஊர் முட்டை பெரும்பாலும் 50, 55 கிராம்தான் இருக்கும் என்பதால் இது போதும். குக்கருக்குக் குக்கர் வித்தியாசம் இருக்கும். முதல் தடவை ஒரு முட்டையை அறுத்துப் பார்த்து ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

'பீப்' கேட்டதும் ஆவியைத் திறந்துவிடாதீர்கள். முட்டையின் வெளிப்பகுதி அப்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சுற்றிலும் அழுத்தம் இருப்பதால்தான் அதிலுள்ள நீர் கொதிக்காமல் இருக்கிறது. அழுத்தத்தைத் திடீரென்று எடுத்தால் அந்த நீர் உள்ளேயே கொதித்து ஓட்டை விரிசல் விடச் செய்யும். 5 நிமிடம் தானாக ஆறட்டும். பிறகு மீதி ஆவியை விடுங்கள். வால்வுக்கு நேரே முகமோ கையோ இருக்கக் கூடாது, நீளக் கரண்டியால் தட்டிவிடுவது நல்லது.

உடனே முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூடு நீடித்தால் வெள்ளைக்கருவிலிருந்து கந்தக வாயு கிளம்பி, மஞ்சள்கருவில் உள்ள இரும்போடு சேர்ந்து பச்சைச் சாம்பல் நிற வளையமாகப் படியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பார்க்கவும் நன்றாக இருக்காது, வாடையும் அடிக்கும். மே மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராக இருக்கும் என்பதால் ஐஸ் வேண்டும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் வேண்டாம். அது தின்பதற்காகச் செய்யப்படுவதில்லை, விரிசல் விட்ட முட்டைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கிவிடும். குடிநீரில் உறைந்த ஐஸ் ஒரு தட்டு போதும். 5 நிமிடம் கழித்து, காற்றுப்பை இருக்கும் மழுங்கிய முனையைத் தட்டி அங்கிருந்து உரியுங்கள்.

முழுசாக உரிந்து வருவதன் அருமை தெரிய வேண்டுமானால் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் அத்தோ கடைகளைப் பாருங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. அங்கே அவித்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, மிளகாய்த்தூள் தூவிப் புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். குழி விழுந்த முட்டை அந்த மசாலாவைத் தாங்காது. மஞ்சள்கரு இளகி இருந்தால் கத்தி பட்டதுமே கலங்கிவிடும். கெட்டியாக வெந்து, வழுவழுவென்று உரிந்த முட்டைதான் அதற்குச் சரி.

வாங்கலாமா?

முட்டை அவிக்க அடுப்பில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் இடத்தில் மின்சார குக்கரில் கால் லிட்டர்தான் கொதிக்கிறது. 1,000 வாட் குக்கர் பத்து நிமிடம் விடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும். இந்த மிச்சம் நம் பகுதிக்குச் சின்ன விஷயமல்ல. அனல் மின்சாரம் நிலக்கரியில் பிறக்கிறது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எரிந்த சாம்பலை எண்ணூரும் கொசஸ்தலை ஆறும், அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் மக்களும் சுமக்கிறார்கள். எதைச் சமைத்தாலும் வேண்டிய அளவுக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் இருப்பது, அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை.

முட்டைக்காக மட்டும் சில ஆயிரம் ரூபாய் போட்டு இதை வாங்க வேண்டியதில்லை. இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு முட்டையை வைத்து மூடி, 12 நிமிடம் கழித்து ஐஸ் தண்ணீரில் போட்டாலும் இதே அறிவியல்தான் வேலை செய்யும். ஆனால் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே, ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டே சமைக்கிறவர்களுக்கு, அடுப்படியில் நிற்காமல் தினமும் ஒரே பதத்தில் முட்டை கிடைப்பது பெரிய உதவி. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, வால்வுத் துளையில் அடைப்பில்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாய்லர் சிறியதானாலும் பராமரிப்பு பராமரிப்புதான்.