நோய் ஒருவருக்கு, பாரம் இருவருக்கு

சென்ற பங்குனியில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போயிருந்தோம். பிள்ளைகள் கடற்கரைக் கோயிலைச் சுற்றி ஓடிக் கொண்டிருக்க, நாம் ஒரு சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தோம். அருகே வயோதிகத் தம்பதிகள். பெரியவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஊருக்கு எப்போது போகிறோம்?" என்று கேட்டார். அம்மையார் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் புதிதாய்க் கேட்டவர் போலப் பதில் சொன்னார்.

"அவருக்கு ஞாபகம் கொஞ்சம் குறைவு, வேறொன்றுமில்லை" என்றார் நம்மிடம். சற்றுப் பொறுத்து, "நான் நன்றாய் உறங்கி மூன்று மாதமாகிறது, ஐயா" என்றார்.

இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள சம்பந்தத்தை நேயர்கள் சிந்திக்க வேண்டும்.

மறதி நோய் பட்டணத்துக்கே உரியதென்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில், அறுபது வயது கடந்தவர்களிடையே நூற்றுக்கு 3.5 பேர் வீதம் அந்நோய் இருப்பதாக 1997-ல் வெளியான ஆராய்ச்சி கூறியது. ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் பெரும்பாலும் ஒரு கிழத் துணை இருக்கிறது. அந்தத் துணையின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1877-ல் பிரெஞ்சு வைத்தியர்களான லாசேக், பால்ரே என்ற இருவர், ஒருவரது பொய்யான எண்ணத்தை உடன் வாழ்பவரும் மெய்யென்று நம்பிவிடும் விசித்திரத்தை விவரித்தார்கள். வெளியுலகத் தொடர்பின்றி ஒட்டி வாழ்பவர்களிடமே அது தோன்றுமாம். அது அபூர்வம். ஆனால் ஒருவர் சோர்வு மற்றவரைப் பற்றுவது அபூர்வமன்று. உறக்கமின்மை, தனிமை, "வெளியே சொன்னால் என்ன நினைப்பார்கள்?" என்ற கூச்சம் இவையே அதற்கு எரு.

முதுமையில் மனச்சோர்வும் மறதி போலத் தோன்றும். தைராய்டுக் குறைவும் அப்படியே. இவை சிகிச்சையால் தீரக் கூடியவை. ஆகையால் "வயதாகிவிட்டது" என்று நாமே தீர்ப்புச் சொல்லலாகாது. வைத்தியரிடம் இருவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் ஸ்தாபனம் மறதி நோயாளிகளையும் கவனித்து வருகிறது. மன வேதனையைச் சொல்லி யோசனை கேட்க, அரசாங்கம் 2022-ல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியது.

சேவை செய்ய மேடை வேண்டுமென்பதில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையே போதும். அன்று நம் மாணவன் ஒருவன், "வாங்க தாத்தா, யானை காட்டுகிறேன்" என்று பெரியவரின் கையைப் பிடித்து அழைத்துப் போனான். கால்மணி கழித்து அவர்கள் திரும்பியபோது, அம்மையார் மரத்தில் சாய்ந்து உறங்கிக் கொண்டிருந்தார்.

நாம் எழுப்பவில்லை.