எடை மெஷினை ஒளித்துவைத்த நிறுவனம்

2018 செப்டம்பர் 24 அன்று, உலகில் பெரிதும் அறியப்பட்ட எடைக் குறைப்பு நிறுவனம் தன் பெயரிலிருந்து எடையைக் கழற்றிவைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்று இயங்கிய அந்த அமெரிக்க நிறுவனம் அன்று முதல் ‘டபிள்யூடபிள்யூ’ ஆனது. இனி எங்கள் தொழில் ‘வெல்னெஸ்’, உடல், மனம் இரண்டின் நலத்துக்கும் நாங்கள் துணை என்றது நிறுவனம். தியானம் கற்றுத்தரும் ஹெட்ஸ்பேஸ் செயலியுடன் கூட்டு வைத்தது. நல்ல பழக்கங்களைத் தொடர்வோருக்குப் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. மாற்றத்தை முன்னின்று நடத்தியவர், அதற்கு முந்தைய ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற மிண்டி கிராஸ்மன். ஐந்தே மாதத்தில், 2019 பிப்ரவரி கடைசியில் கணக்கு வெளியானபோது, ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. முந்தைய கோடையில் நூறு டாலரைத் தாண்டிய பங்கு, இருபது டாலர் அளவுக்கு இறங்கியது. 2025 மே மாதம் நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றம் போனது.

ஓசெம்பிக், வீகோவி போன்ற ஊசி மருந்துகள் வந்தன, நிறுவனம் படுத்தது என்று இன்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. எடை குறைக்கும் ஊசிகளாக இந்த மருந்துகள் பரவுவதற்கு முன்பே இந்த நிறுவனம் தன் கையில் இருந்த ஒரே பெரிய சொத்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்பது என் வாதம். வாடிக்கையாளரே வாரந்தோறும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாக்குறுதிதான் அந்தச் சொத்து. அதைக் கொடுத்துவிட்டு, யாராலும் அளந்து பார்க்க முடியாத ஒன்றை வாங்கிக்கொண்டது.

நிறுவனம் பிறந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, சுமார் 97 கிலோ எடையோடு 1961இல் நகரச் சுகாதார வாரியத்தின் உடற்பருமன் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுப் பட்டியல் சரியாகவே இருந்தது. ஆனால் பிஸ்கட்டைத் திருட்டுத்தனமாகத் தின்னும் பழக்கத்தை அங்கே யாரிடமும் சொல்ல அவருக்கு நா எழவில்லை. தன்னைப் போலவே அவதிப்பட்ட சில தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள். கூட்டம் வாராவாரம் பெருகியது. ஓராண்டில் அவர் எடை 64 கிலோவுக்கு வந்தது. 1963இல் நிறுவனம் பதிவானது, 1968இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 1978இல் ஹெய்ன்ஸ் நிறுவனம் அதை 7 கோடி டாலர் அளவுக்கு வாங்கியது. 1999இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஆர்ட்டால் வாங்கியபோது விலை 73.5 கோடி டாலர். உணவுப் பட்டியல் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? அந்த வாராந்திரக் கூட்டத்திலிருந்துதான்.

கூட்டம் நடந்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தேவாலய மண்டபத்திலோ கடைத்தெரு அறையிலோ உறுப்பினர்கள் வருவார்கள். முதலில் எடை மெஷின். ஏறி நின்றதும் ஊழியர் எண்ணைப் பார்த்து, சத்தமாகச் சொல்லாமல், உறுப்பினரின் சிறு கையேட்டில் குறித்துக் கொடுப்பார். அதன்பிறகு பேச்சு. கூட்டத்தை நடத்துகிறவர் டாக்டரோ சத்துணவு நிபுணரோ ஆக வேண்டியதில்லை; இதே முறையில் எடை குறைத்தவராக இருந்தாக வேண்டும். தொடங்கிய எடையில் பத்து சதவீதம் குறைத்தவருக்கு ஒரு சாவி வளையம் கிடைக்கும். இலக்கைத் தொட்டு ஆறு வாரம் காப்பாற்றியவர் ‘வாழ்நாள் உறுப்பினர்’. இலக்கிலிருந்து இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்குமேல் ஏறாதவரை அவர் கூட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏறிவிட்டால் மறுபடியும் கட்டணம். பலன் நிலைத்தவரிடம் காசு வாங்காமல் இருப்பது எந்தத் தொழிலிலும் அபூர்வம். ஜெயித்தவர் யார், சறுக்கியவர் யார் என்று ஓர் எண் தீர்ப்புச் சொல்ல, நிறுவனமும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. 1997இல் அமெரிக்காவில் வந்த ‘பாயின்ட்ஸ்’ முறையும் இதே வழியில் அமைந்ததுதான். கலோரி, கொழுப்பு, நார்ச்சத்து மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு உணவுக்கும் ஓர் எண். நாளுக்கு இத்தனை என்று ஒரு வரம்பு. எந்த வீட்டுச் சமையலறையிலும் கணக்குப் போட முடிந்தது.

பலன் எவ்வளவு என்று கேட்டால், அடக்கமான பலன்தான். 2003இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 423 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கூட்டங்களுக்குப் போனவர்கள் சராசரியாக 3 கிலோ அளவுக்குக் குறைத்திருந்தார்கள். தாங்களாகவே முயன்றவர்களிடம் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 772 பேர் இருந்தார்கள். குடும்ப மருத்துவர் இந்தக் கூட்டங்களுக்கு அனுப்பியவர்களுக்கு ஓராண்டில் சுமார் 5 கிலோ குறைந்தது. மருத்துவரின் வழக்கமான ஆலோசனையோடு நின்றவர்களுக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஆய்வுகளுக்கும் நிறுவனம்தான் நிதி கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரத்தில் வரும் அதிசயத்துக்கும் இந்த எண்களுக்கும் வெகுதூரம். பலர் குறைத்தார்கள், மீண்டும் ஏறினார்கள், மீண்டும் வந்து பணம் கட்டினார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்களை நம்பித்தான் வருமானம் ஓடியது. இந்தத் தொழிலின் அடியில் இருந்த சங்கடம் அது, அதை மறைப்பதற்கில்லை.

அப்புறம் ஏன் பெயர் மாற்றம்? 2010களில் அமெரிக்காவில் ‘டயட்’ என்ற சொல்லுக்கே மவுசு போய்விட்டது. உடம்பை அதன் இயல்பிலேயே ஏற்றுக்கொள்ளச் சொல்லும் இயக்கம் வலுத்தது. டயட் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அதே வேளையில் யோகா, தியானம், தூக்கம், உணவுத் தூய்மை என்று ‘வெல்னெஸ்’ பெயரில் பணம் தாராளமாகப் புழங்கியது. 2015இல் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 4.3 கோடி டாலர் போட்டு நிறுவனத்தில் பத்து சதவீதப் பங்கு வாங்கியதும் பங்கு விலை ஒரே நாளில் இரட்டிப்பானது. தினமும் ரொட்டி சாப்பிட்டே எடை குறைத்தேன் என்று அவர் விளம்பரத்தில் சொன்னார். அந்த வேகத்தில் சந்தை வேளாவேளைக்கு வளர்ச்சி கேட்டது. எடை குறைக்க விரும்புகிறவர் வருவார், போவார். நலமாக இருக்க விரும்புகிறவர் வாழ்நாள் முழுக்கச் சந்தா கட்டுவார். அந்தக் கணக்கின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. காலத்தின் போக்கை அவர்கள் தவறாகப் படித்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். மக்களுக்குச் சொல் பிடிக்காமல் போனது, ஆசை அப்படியே இருந்தது. சொல்லோடு ஆசையும் மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இந்தத் தொழிலுக்கு ஜனவரிதான் அறுவடை மாதம். பண்டிகை முடிந்து, புத்தாண்டு உறுதிமொழியோடு புதியவர்கள் சேர்வது அப்போதுதான். பெயர் மாறியபின் வந்த முதல் ஜனவரி 2019இல். எடை குறைக்க நினைத்தவர் விளம்பரத்தில் பார்த்தது, என்ன தருகிறார்கள் என்றே சட்டென்று பிடிபடாத இரண்டு எழுத்துகளை. அதே மாதத்தில், அரிசி, ரொட்டி, சர்க்கரையை அறவே ஒதுக்கு, கிலோ கணக்கில் குறையும் என்று கீட்டோ முறை நேரடியாகக் கூவிக்கொண்டிருந்தது. மக்கள் அங்கே போனார்கள். கீட்டோவின் அலை தங்களைப் பாதித்ததாக கிராஸ்மனே முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஓப்ராவை மறுபடியும் முன்னால் நிறுத்தி அவசரமாக விளம்பரம் எடுக்க வேண்டியதாயிற்று. தியானத்துக்கு ஏற்கெனவே செயலி இருந்தது, நடையை எண்ணக் கைக்கடிகாரம் இருந்தது, தூக்கத்தைக் கணிக்கவும் கருவி இருந்தது. ‘வெல்னெஸ்’ சந்தையில் இந்த நிறுவனம் பத்தோடு பதினொன்று. எடைச் சந்தையில் அது முதல் பெயர்.

உள்ளே என்ன மாறியது என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பாயின்ட் கணக்கு அப்படியே இருந்தது, எடை மெஷினும் இருந்தது. வெளியே பேசாமல் விட்டார்கள், அவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் இந்தப் புதிய பெயரின் கீழேயே ‘கர்போ’ என்ற செயலி வந்தது. 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தாங்கள் சாப்பிட்டதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துப் பதிவுசெய்ய வேண்டும். எட்டு வயதுக் குழந்தையைத் தட்டின் முன்னால் பயத்தோடு உட்காரவைக்கும் வேலை இது என்று உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருபவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2022இல் 15 லட்சம் டாலர் அபராதத்தோடு, அந்த விவரங்களையும் அவற்றைக் கொண்டு உருவாக்கிய கணிப்பு முறைகளையும் அழிக்க வேண்டும் என்று முடிவானது. ‘எடை’ என்ற சொல் முகப்பில் இருந்திருந்தால், பிள்ளைகளுக்கு இதை விற்கலாமா என்று உள்ளேயே யாராவது தடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ‘நலம்’ என்ற போர்வை அந்தக் கேள்வியை எழவிடவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. பெயர் மாறியபின் உறுப்பினர் எண்ணிக்கை கூடவே செய்தது. 2018 இறுதியில் 39 லட்சமாக இருந்தது 2020இல் 50 லட்சத்தைத் தொட்டது. அப்படியிருக்கப் பெயரைக் குறைசொல்வது நியாயமா? எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால், முதல் அடிக்குப் பிறகு நிறுவனம் விளம்பரத்தில் எடைப் பேச்சுக்குத் திரும்பிய பின்னரே அது கூடியது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி குறைந்த கட்டணத்தில் செயலியை மட்டும் வாங்கியவர்கள். கொரோனா வந்ததும் கூட்டங்கள் கணினித் திரைக்குப் போயின, பல கிளைகள் மூடப்பட்டன. ஆண்டு வருமானம் 2012இல் 180 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2024இல் அது 79 கோடிக்கும் கீழே.

இன்னொரு மறுப்பு வலுவானது: மருந்துகளும் கடனும். 2021இல் வந்த, வீகோவியில் உள்ள செமாக்ளூடைட் மருந்தைப் பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்கா வீகோவிக்கு அனுமதி கொடுத்தது. கூட்டமும் பாயின்ட் கணக்கும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது, வாஸ்தவம். 2023 டிசம்பரில் ஓப்ராவே மருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். கடனோ அதைவிடப் பழையது. 2012இல் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்காக நிறுவனம் சுமார் 150 கோடி டாலரைச் செலவிட்டது, பெரும்பாலும் கடன் வாங்கி. திவால் மனு போட்ட நாளில் 160 கோடி டாலர் கடன் நின்றது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் நிறுவனம் நீதிமன்றப் படி ஏறியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019இன் சரிவு வீகோவிக்கு அனுமதி கிடைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. மருந்துகளுக்கு எழுந்த கிராக்கியோ, எடை குறைக்கும் ஆசை எங்கேயும் போய்விடவில்லை என்பதற்குப் பெரிய சாட்சி. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதும் ஆய்வில் தெரியவந்தது. பழக்கத்தை மாற்றத் துணைநிற்கும் ஒரு கூட்டத்துக்கு அங்கே இடம் இருந்தது. அந்தக் கூட்டத்தை நடத்திப் பழகிய நிறுவனம், அப்போது தான் யாரென்று தனக்கே தெரியாத நிலையில் இருந்தது. 2023இல் சீக்வென்ஸ் என்ற இணைய மருத்துவ நிறுவனத்தை 10 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கி, மருந்துச் சீட்டு எழுதித்தரும் வேலையில் இறங்கியபோது, அந்தச் சந்தையில் போட்டியாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

எடை குறைப்பதாக வாக்களிப்பதைவிட நலம் என்று பேசுவது நேர்மையானது அல்லவா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மெஷின் காட்டும் எண்ணை வைத்துத் தங்களையே வெறுத்த பெண்கள் ஏராளம். ஆனால் நேர்மைக்கு வேறு வழி இருந்தது. ஓராண்டில் ஐந்து கிலோ வரை குறையலாம், அதைத் தக்கவைப்பது கடினம், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்த ஐந்து கிலோவே உதவும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். நலம் என்ற வாக்குறுதி பொய்க்கவே முடியாது. அதனால்தான் அது வாங்குகிறவரைக் காப்பாற்றுவதும் இல்லை. மாதச் சந்தா போய்க்கொண்டிருக்கும், கேட்க வாய் இருக்காது.

2025 ஜூனில் நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்தது. 115 கோடி டாலர் கடன் நீங்கியது. பதிலுக்கு நிறுவனத்தின் 91 சதவீதம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. வாசல் பலகையில் இப்போது மறுபடியும் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்றே இருக்கிறது. உடம்பின் பேரில் உங்களிடம் மாதச் சந்தா கேட்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று நான் எதை வைத்துச் சொல்ல முடியும்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.