காகிதம் கற்பிக்கும் கணிதம்

இசை பயிலக் கருவி வேண்டும். தபால்தலை திரட்டப் பணம் வேண்டும். ஒரு தாள் மட்டுமே வைத்திருக்கும் மாணவனுக்கும் உரிய பொழுதுபோக்கு ஒன்றுண்டு. அதுவே காகித மடிப்பு. ஜப்பானியர் இதனை 'ஓரிகாமி' என்பர். 'ஓரி' என்பது மடிப்பு. 'காமி' என்பது காகிதம்.

விடுதியில் நான் கொக்கு மடிக்கும்போது, "இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ?" என நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்களுக்கு நான் கூறும் விடை ஒரு நூல். காகித மடிப்பின் வாயிலாக வடிவியலை விளக்கி, சுந்தர ராவ் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய அந்நூல் 1893ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. மழலையர் பள்ளியின் மடிப்புத் தாள்களே அவருக்குத் தூண்டுகோல். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவிலும் அது அச்சேறியது.

நீங்களே செய்து பாருங்கள். சதுரத் தாளொன்றை இடமும் வலமும் பொருந்த மடித்துப் பிரியுங்கள், நடுக்கோடு தோன்றும். பின், கீழ் வலமூலையைத் தூக்கி நடுக்கோட்டின்மேல் வையுங்கள். புது மடிப்பு கீழ் இடமூலை வழியே செல்லவேண்டும். வலமூலை தொட்ட புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும்.

காரணம் எளிது. மடிப்பதால் பக்கத்தின் நீளம் மாறாது. எனவே இடமூலைக்கும் அப்புள்ளிக்கும் உள்ள தூரம் சதுரத்தின் பக்க அளவே. நடுக்கோட்டுப் புள்ளியாதலின், வலமூலைக்கும் அதே தூரம். மூன்று பக்கங்களும் சமமாயின!

கவராயமில்லை, கோணமானியில்லை, 60 பாகை நம் விரல்களிலேயே பிறக்கிறது. கணிதம் கண்டு அஞ்சும் கலைப்பிரிவு நண்பர்களே, பழைய குறிப்பேட்டில் ஒரு தாள் கிழியுங்கள். சூத்திரம் சொல்லி விளங்காததை மடிப்பு விளக்கும்.