தொடுதிரையில் தமிழ்99

ஜொகூரில் நாம் புதிய தொடுதிரைக் கைப்பேசியை முதன்முதலாகக் கையிலெடுத்தபோது, அதன் ஒளிர்திரையினும் தமிழ் உள்ளீட்டு முறையே நம் கருத்தை ஈர்த்தது. 2005ஆம் ஆண்டில் மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் பொத்தான் கைப்பேசிகளுக்குத் தமிழைக் கொணர்ந்தது. 2013இல் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 7, அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைமுகங்களையும் உள்ளடக்கி வெளிவந்தது.

அஞ்சல் முறையில் எழுதுவோர் தமிழ்ச் சொல்லை முதலில் உரோமன் எழுத்துகளாக எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ்99 முறையிலோ அ, ம, ம, ஆ எனும் நான்கு விசைகளை அழுத்தின் ‘அம்மா’ உருப்பெறும். இரட்டித்த மகரத்துள் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். பின்னது ஆகாரத்தோடு கூடி உயிர்மெய்யாகும். எழுத்திலக்கணம் விரல்வழியே பயிலப்படுகின்றது.

தமிழைத் தமிழெழுத்தாலேயே சிந்திக்கும் தலைமுறை உருவாக வேண்டுமெனின், மாணவர்க்குத் தமிழ்99 முறையையே முதலில் பயிற்றுவித்தல் தகும் என்பது நம் கருத்தாகும்.