மாற்றுச் சாவி
பழைய கார் வாங்கிய நண்பர் ஒருவர் பெங்களூர் ஜே.சி. சாலைப் பக்கம் மாற்றுச் சாவி வெட்டுவித்தார். கதவு திறந்தது, எஞ்சினோ இயங்க மறுத்தது. சாவி வெட்டியவரை நண்பர் நொந்துகொண்டார், அவர்மேல் பிழையில்லை.

இக்காலக் கார்கள் பலவற்றில் சாவியின் தலைப்பகுதியில் மின்கலம் வேண்டாத சிறு சில்லு ஒன்று உண்டு. பூட்டைச் சூழ்ந்த கம்பிச் சுருள் அதற்கு ஆற்றலூட்ட, சில்லு தன் குறியை அறிவிக்கும். அக்குறி வண்டியின் நினைவகத்தில் பதிவாகாவிடில் எஞ்சின் இயங்காது.

ஆகவே, நேயர்களே, 29, 30 எண் படிவங்களில் விற்பவரின் கையொப்பம் பெறும்போதே இரு சாவிகளையும் கேட்டுப் பெறுங்கள். ஒன்றே கிடைப்பின், பழைய பதிவுகளை அழித்துக் கைவசமுள்ளவற்றை மட்டும் பதியச் செய்யலாம். அப்போதும், பூட்டை மாற்றினாலன்றி, காணாமற்போன சாவி கதவைத் திறக்கவே செய்யும். வண்டி களவுபோனால் காப்பீட்டாரும் இரு சாவிகளையும் கேட்பது வழக்கம்.